நாற்றங்கால்

எங்கள் பள்ளியின் விளையாட்டுப் பொருள் அறைக்கு வெளியே, கூரை நிழலில் ஒரு நீள்பலகை கிடக்கிறது. அதில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கணக்கிட்டால், திடலில் ஓடிய நேரத்தைவிடப் பல மடங்கு இருக்கும். பள்ளிக் காற்பந்துக் குழுவில் இருந்தேன் என்று நான் சொல்லும்போது, "எந்த இடத்தில் ஆடினாய்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். "பலகையில்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால், அந்தப் பலகையில் இருந்து நான் கற்றுக்கொண்டதை வேறெங்கும் கற்றிருக்க முடியாது.

மூவாரில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் படித்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு காற்பந்துக் குழுக்கள் இருந்தன. ஒன்று, 18 வயதுக்குட்பட்டோர் குழு. அதன் ஆட்டம் என்றால் மாணவர்கள் வேலியோரம் கூடிவிடுவார்கள். சபைகூடலில் அந்தக் குழுவின் பெயரைச் சொன்னால் கைதட்டல் எழும். மற்றொன்று, 15 வயதுக்குட்பட்டோர் குழு. எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போக வந்தவர்களே. மூத்த குழுவினர் அணிந்து பழசான சீருடைதான் எங்களுக்கு வரும். என் முதுகில் இருந்த 16 என்ற எண்ணில் ஆறு பாதி அழிந்துபோய், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு 10 என்று தெரியும். 10ஆம் எண் குழுவின் சிறந்த ஆட்டக்காரருக்கு உரியது. அதனால் எதிரணியினர் முதலில் என்னைக் கண்டு அஞ்சுவார்கள். ஐந்து நிமிடத்தில் அந்த அச்சம் தெளிந்துவிடும்.

ஓர் இளையோர் குழுவை உருவாக்குவது எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினால் போதும். பெயர்கள் வந்து குவியும். 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2011ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. எல்லா மாணவரும் ஏதேனும் ஒரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதன் பயனாக, 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் குழுவின் பதிவேட்டில் 24 பெயர்கள் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒன்பது பெயர்கள்தாம் எஞ்சின. குழுவை உருவாக்குவது வேறு, அதைக் காப்பாற்றுவது வேறு என்பதை எனக்கு உணர்த்தியது அந்த ஆண்டுதான்.

முதல் சிக்கல் நேரம். எங்கள் பள்ளி இரு வேளைப் பள்ளி. மூன்றாம் படிவமும் அதற்கு மேற்பட்ட படிவங்களும் காலையில் படித்தன. புகுமுக வகுப்பும் முதலாம், இரண்டாம் படிவங்களும் பிற்பகலில் படித்தன. எங்கள் குழுவிலோ புகுமுக வகுப்பு மாணவர் முதல் மூன்றாம் படிவ மாணவர் வரை கலந்திருந்தனர். நாங்கள் பள்ளி வாயிலில் நுழையும்போது அவர்கள் வெளியேறுவார்கள். பந்தை யாருக்குத் தட்டிவிட வேண்டும் என்று பழக வேண்டிய நாங்கள், வாரத்தில் ஐந்து நாளும் வாயிலில் கையசைத்துக்கொள்வதோடு சரி. பிற்பகல் வகுப்பினர் காலை பத்தரை மணிக்குச் சுடும் வெயிலில் பயிற்சி செய்தோம். காலை வகுப்பினர் மாலையில் பயிற்சி செய்தனர். அனைவரும் ஒன்றாகத் திடலில் நிற்க முடிந்த ஒரே நாள் சனிக்கிழமை.

இரண்டாவது சிக்கல் வயது. விளையாட்டுப் போட்டிகளில் பிறந்த ஆண்டைக் கொண்டே வயதைக் கணக்கிடுவார்கள். தேசியப் பள்ளியில் இருந்து நேராக முதலாம் படிவத்திற்கு வரும் மாணவர், மூன்றாம் படிவம் முடியும்வரை 15 வயதுக்குட்பட்ட குழுவில் ஆடலாம். தமிழ்ப்பள்ளியில் இருந்து புகுமுக வகுப்பின் வழியாக வந்த என்னைப் போன்றோருக்குக் கணக்கு வேறு. புகுமுக வகுப்பில் 13 வயது, முதலாம் படிவத்தில் 14, இரண்டாம் படிவத்தில் 15. மூன்றாம் படிவத்தில் கால் வைக்கும்போது குழுவுக்கு வெளியே நிற்போம். புகுமுக வகுப்பில் மொழி பழகவே அந்த ஓராண்டு போய்விடும். துணிந்து திடலுக்கு வர அடுத்த ஆண்டாகும். ஆட்டம் பிடிபடும் நேரத்தில் வயது கடந்துவிடும். 2013இல் நான் இரண்டாம் படிவ மாணவன். அதுவே எனக்குக் கடைசி ஆண்டு.

மூன்றாவது சிக்கலை நாங்கள் அப்போது அநீதி என்றே நினைத்தோம். எங்களில் யாராவது நன்றாக ஆடத் தொடங்கினால், மூத்த குழுவின் பயிற்றுநர் அவரை அழைத்துக்கொள்வார். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் சிறந்த ஆட்டக்காரர் மூவர் ஒரே வாரத்தில் மேலே போய்விட்டனர். அன்று மாலை வீட்டுக்கு வந்து பாட்டியிடம் புலம்பினேன்.

"நாங்கள் பாடுபட்டுப் பழக்கினால், அவர்கள் பறித்துக்கொண்டு போகிறார்கள் பாட்டி. இப்படியே போனால் எங்கள் குழு எப்படி உருப்படும்?"

பாட்டி இளம் வயதில் செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவர். முளைவிட்ட விதையைச் சிறிய பையில் ஊன்றி, ஏறத்தாழ மூன்று மாதம் காத்து, பிறகு பெரிய பைக்கு மாற்றி, நீர் ஊற்றி, களை பிடுங்கி, ஓராண்டளவில் நாற்றைத் தோட்டத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

"நாற்றங்காலில் கன்று அப்படியே நின்றுவிட்டால் தோட்டம் எங்கேயிருந்து வரும்?" என்றார் பாட்டி. "லாரி வந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு போகும்போது எங்களுக்கும் மனசு வலிக்கும்தான். ஆனால், இடம் காலியானால்தானே அடுத்த விதையை ஊன்றலாம்? காலியாவதுதான் நாற்றங்காலின் வேலை. காலியாகவே கிடப்பதுதான் தவறு."

பாட்டி சொன்னது அன்று எனக்குப் பாதிதான் விளங்கியது.

எங்கள் பொறுப்பாசிரியை வரலாறு கற்பிப்பவர். எங்களைப் பழக்கிய ஆசிரியர் முந்தைய ஆண்டின் இறுதியில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதால், அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது. அதற்கு முன் அவர் பந்தை உதைத்ததே இல்லை. முதல் நாள் பயிற்சிக்கு ஒரு விதிமுறைப் புத்தகத்தோடு வந்தார். ஆட்டக்காரர் எப்போது எல்லை மீறி நிற்கிறார் என்னும் விதியை எங்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். சில மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தனர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "எனக்குக் காற்பந்து தெரியாது. ஆனால், ஒரு குழு எப்படிச் சிதையும் என்பது வரலாற்றில் நிறைய இருக்கிறது. அது இங்கே நடக்காமல் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

மூவர் மேலே போனதற்கு நாங்கள் வருந்தியபோது அவர் எங்களை அமரவைத்துப் பேசினார். தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால் வழிநடத்திய 23 வயதுக்குட்பட்ட குழு, 2009ஆம் ஆண்டு லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றதை நினைவூட்டினார். மறு ஆண்டு அதே பயிற்றுநரின்கீழ் மலேசியத் தேசியக் குழு இந்தோனேசியாவை வீழ்த்தி ஆசியான் சுசுகி கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த வெற்றிக் குழுவில் பலர் முந்தைய ஆண்டு இளையோர் குழுவில் ஆடியவர்கள். "கோலாலம்பூரில் 3–0 என்று வென்ற இரவை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் எத்தனை சிறிய திடல்களில், யாரும் பார்க்காத ஆட்டங்களில் அவர்கள் பழகியிருப்பார்கள்! நம் குழுவில் இருந்து ஒருவர் மேலே போனால் நாம் தோற்றுவிட்டோம் என்று பொருள் இல்லை" என்றார்.

அவர்தாம் பதிவேட்டை என்னிடம் கொடுத்தவர். "நீ ஆட்டத்தில் இல்லாதபோதும் எல்லாரையும் கவனிக்கிறாய். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவர் ஏன் வரவில்லை என்று எழுது. மூன்றாவதுதான் முக்கியம்" என்றார். எனக்கு அது பெருமையாக இல்லை. ஆடத் தெரியாதவனுக்கு எழுத்து வேலை என்றுதான் தோன்றியது. ஆனாலும், எழுதினேன்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஈரப்புல்லில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஆசிரியை, ஒரு நாற்காலியாவது கிடைக்குமா என்று பள்ளியில் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை அப்பாவிடம் சொன்னேன். மூவார் தளவாடப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற ஊர். நாற்காலி, மேசை, கட்டில் என்று இங்குச் செய்யப்படுபவை கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. அப்பா அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். முதலாளியிடம் கேட்டு, வெட்டி ஒதுக்கிய இரப்பர் மரத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றை இழைத்து, ஒட்டி, ஆணியடித்து ஒரு நீள்பலகை செய்தார்.

"ஒவ்வொன்றும் தனியே எதற்கும் உதவாத துண்டுதான். சேர்த்துவிட்டால் எட்டுப் பேரைத் தாங்கும்" என்று அதைத் தட்டிக் காட்டினார். அதில் முதலில் உட்கார்ந்தவன் நான்தான்.

ஜூன் மாதம் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் எரிந்த காட்டின், கரிநிலத்தின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து எங்கள் ஊரை மூடியது. ஜூன் 23ஆம் நாள் காலையில் மூவாரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே பேராபத்து என்பார்கள். மூவாரிலும் லெடாங்கிலும் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. சூரியன் செம்பு நாணயம்போல் மங்கித் தெரிந்தது. எங்கள் தெருவின் மறுமுனை கண்ணுக்குத் தெரியவில்லை. சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்தும் வீட்டுக்குள் கருகிய வாடை போகவில்லை. பாட்டி இரவெல்லாம் இருமினார்.

புகை விலகியபின் பள்ளி திறந்தது. ஆனால், குழுவின் பழக்கம் அறுந்துவிட்டது. ஒரு பயிற்சியைத் தவறவிட்டவர், மறு பயிற்சிக்கு வரத் தயங்கினார். இரண்டைத் தவறவிட்டவர் மூன்றாவதற்கு வரவே இல்லை. ஜூலையில் நோன்பு மாதம் தொடங்கியது. நோன்பிருக்கும் நண்பர்களை வெயிலில் ஓடவிடக் கூடாது என்று பயிற்சியைக் குறைத்தோம். மூன்றாம் படிவத்தினருக்கு அக்டோபரில் பி.எம்.ஆர். தேர்வு காத்திருந்தது. பெற்றோர் அவர்களைப் பிரத்தியேக வகுப்புகளுக்கு அனுப்பினர். இவற்றில் எதையும் யாருடைய தவறு என்று சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு காரணமும் பதிவேட்டில் ஒரு பெயரை அழித்துக்கொண்டே வந்தது.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்த வாரத்தில், ஆசிரியை எங்கள் ஒன்பது பேரையும் அழைத்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"செப்டம்பர் முதல் சனிக்கிழமை பக்கத்துப் பள்ளியோடு நட்புமுறை ஆட்டம் இருக்கிறது. பதினொருவர் இல்லாவிட்டால் அதை விட்டுவிட வேண்டியதுதான். அப்படி விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு இந்தக் குழு வேண்டுமா என்ற கேள்வி எழும். இருக்கும் பணத்தையும் பந்துகளையும் மூத்த குழுவுக்கே கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பன்னிரண்டு பெயர் வேண்டும்" என்றார்.

யாரும் பேசவில்லை. அடுத்த ஆண்டு நான் இந்தக் குழுவில் இருக்கப்போவதில்லை. குழு இருந்தால் என்ன, போனால் என்ன என்று நான் இருந்துவிட்டிருக்கலாம். ஆனால், கையில் பதிவேடு இருந்தது. அதை விரித்தபோது, வராதவர் ஏன் வரவில்லை என்று ஐந்து மாதங்களாக நான் எழுதியவை கண்ணில் பட்டன. 'வரவில்லை' என்பதற்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை அறிந்தவன் நான் ஒருவன்தான். மறுநாள் காலையிலேயே மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் எங்கள் கோல்காவலனின் வீடு. சீன நண்பன், மூன்றாம் படிவம். அவன் பள்ளியில் இருந்த நேரம் அது. அவன் அம்மா தம் காப்பிக் கடையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும், "தேர்வு வருகிறதே, தெரியாதா?" என்று மலாயில் கேட்டார். நான் வாதிடவில்லை. எத்தனை மணி நேரம் விட முடியும் என்று மட்டும் கேட்டேன். அவர் யோசித்தார். "சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு அவனுக்கு வகுப்பு" என்றார். "எட்டு மணிக்கு வந்தால் போதும் ஆன்ட்டி. ஒன்பதே காலுக்கு அவனை அனுப்பிவிடுகிறோம். ஆட்டத்தன்று மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டார். "ஒரு நிமிடம் தாமதமானாலும் நான் திடலுக்கே வந்துவிடுவேன்" என்றார்.

அடுத்தவன் மலாய் நண்பன். எங்கள் தாக்குதல் ஆட்டக்காரன். அவன் பெற்றோர் ஒத்தா ஒத்தா விற்பவர்கள். சனிக்கிழமை விடியற்காலையில் புக்கிட் பாசிர்ப் பக்கம் கடை போடுவார்கள். பொருள்களை இறக்க மகன் வேண்டும் என்பதால் அவன் பயிற்சிக்கு வருவதில்லை. அவன் தந்தை முதல் தடவை எல்லாவற்றையும் இறக்கியபின், மீதியை எடுத்துவர வேனில் மூவாருக்குத் திரும்புவார் என்பதைப் பேச்சினிடையே அறிந்தேன். அந்த வேனில் நண்பனும் வந்துவிடலாம்தான். ஆனால், எட்டு மணிக்குள் வேலை முடிய இன்னொரு கை தேவைப்பட்டது.

அப்போதுதான் பதிவேட்டின் கடைசிப் பெயர் நினைவுக்கு வந்தது. புகுமுக வகுப்பில் படித்த ஒரு தம்பி. புக்கிட் பாசிருக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்தான். பிப்ரவரியில் மூன்று முறை பயிற்சிக்கு வந்தான், வெறுங்காலோடு ஓடினான். அவனளவு வேகமாக ஓடியவர் எங்களில் யாரும் இல்லை. அதன்பின் அவன் வரவில்லை. 'சனிக்கிழமை பள்ளி வேன் இல்லை. காலணி இல்லை' என்று நான் எழுதியிருந்தேன்.

ஒருவனுக்கு உதவிக்கு ஆள் வேண்டும். மற்றவனுக்கு வண்டி வேண்டும். இருவரையும் சேர்த்துவிட்டால் இரண்டு குறையும் தீர்ந்தது. விடியற்காலையில் தம்பி கடைக்குப் போய்ப் பொருள்களை இறக்க உதவுவான். பிறகு இருவரும் ஒரே வேனில் திடலுக்கு வருவார்கள். நண்பனின் தந்தை உடனே இசைந்தார். "வேலை செய்பவன் பசியோடு ஓடக் கூடாது" என்று தம்பிக்குக் காலை உணவும் தாமே தருவதாகச் சொன்னார்.

மிஞ்சியது காலணி. மூத்த குழுவின் அண்ணன்களிடம் போனேன். வளரும் வயதில் காலணி தேய்வதற்குள் கால் பெரிதாகிவிடும். பலர் வீட்டில் சிறுத்துப்போன காலணிகள் சும்மா கிடந்தன. மார்ச் மாதத்தில் எங்களிடம் இருந்து மேலே போன மூவரும் முதலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நம் குழுவுக்குத்தானே" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அவர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஐந்து மாதம் மனத்தாங்கலோடு இருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை ஓர் அட்டைப்பெட்டியில் ஏழு இணைக் காலணிகள் சேர்ந்துவிட்டன. தம்பிக்கு ஓர் இணை ஏறக்குறையப் பொருந்தியது. நுனியில் கொஞ்சம் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் பன்னிரண்டு பெயர்களைக் கொடுத்தேன். பன்னிரண்டாவது பெயர் என்னுடையது.

ஆட்ட நாளன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. திடலின் ஒரு மூலை சேறாகிவிட்டது. வழக்கம்போல் வேலியோரம் யாரும் இல்லை. காப்பிக் கடை அம்மா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். முற்பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. பிற்பாதியில் தம்பி வலப்பக்கமாக ஓடிச் சென்று தட்டிவிட்ட பந்தை, வேனில் அவனோடு வந்தவன் வலைக்குள் செலுத்தினான். ஆட்டம் சமநிலை. ஆசிரியை விதிமுறைப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தபோது, எங்கள் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்குக் காலில் தசைப்பிடிப்பு. மாற்றுக்கு நான் ஒருவன்தான் இருந்தேன். பலகையை விட்டு எழுந்தேன்.

முதல் இரண்டு பந்துகளை எப்படியோ வெளியே தள்ளிவிட்டேன். மூன்றாவது பந்து சேற்று மூலைக்கு வந்தது. உதைக்கப் போனேன், ஊன்றிய கால் வழுக்கியது. நான் விழுந்து எழுவதற்குள் எதிரணி ஆட்டக்காரர் பந்தைக் கொண்டுபோய் வலைக்குள் அடித்துவிட்டார். சற்று நேரத்தில் நடுவர் ஊதலை ஊதினார். 2–1 என்று தோற்றோம்.

சேறு படிந்த சட்டையோடு பலகையில் வந்து உட்கார்ந்தேன். அந்தக் குழுவில் அது என் கடைசி ஆட்டம்; ஏறக்குறைய அதுவே என் முதல் ஆட்டமும்கூட. பதினொருவரைத் தேடிப் பிடித்தவனே குழுவைத் தோற்கடித்துவிட்டான் என்று எல்லாரும் நினைப்பார்கள் என எண்ணித் தலை குனிந்திருந்தேன். யாரோ அருகில் வந்து அமர்வது தெரிந்தது. தம்பிதான். காலணியைக் கழற்றி, நுனியில் இருந்த ஈரப் பஞ்சை எடுத்துப் பிழிந்துகொண்டே கேட்டான்:

"அண்ணா, அடுத்த சனிக்கிழமையும் எட்டு மணிக்குத்தானே பயிற்சி?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆட்டத்தின் முடிவு அவன் முகத்தில் இல்லை. அடுத்த சனிக்கிழமைதான் இருந்தது. பாட்டி சொன்னதன் மறுபாதி அப்போது எனக்கு விளங்கியது.

"ஆமாம் தம்பி, எட்டு மணிக்கு" என்றேன்.

குழு கலைக்கப்படவில்லை. ஆனால், சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்று நான் சொன்னால் அது பொய்யாகும். அடுத்த ஆண்டு அந்தப் பன்னிருவரில் என்னையும் சேர்த்து எழுவர் வயது கடந்து வெளியேறினோம். இருவர் மூத்த குழுவுக்குப் போயினர். எஞ்சிய மூவரோடு மீண்டும் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. 2014ஆம் ஆண்டு முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என மாறியது. ஆற்றைக் கடந்து சற்றுத் தூரம் போனால் வந்துவிடும் மலாக்காவிலோ சனி, ஞாயிறு. அந்தப் பக்கத்துப் பள்ளிகளோடு ஆடுவதற்கு இருவருக்கும் பொதுவான ஒரே நாள் சனிக்கிழமை என்றாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒன்று புதிதாக முளைக்கும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும்.

மூத்த குழுவில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கான திறமை என்னிடம் இல்லை. ஆனால், பள்ளியை விட்டு வெளியேறும்வரை பதிவேடு என்னிடமே இருந்தது. தம்பி 2016ஆம் ஆண்டில் 18 வயதுக்குட்பட்டோர் குழுவில் சேர்ந்தான். அவன் முதல் ஆட்டத்தைப் பார்க்க வேலியோரம் கூட்டம் கூடியிருந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வெறுங்காலோடு அவன் ஓடிய பிப்ரவரி மாதத்தை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். நேரம் கிடைக்கும் சனிக்கிழமைகளில் பழைய திடலுக்குப் போவதுண்டு. ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். அப்பா செய்த பலகைக்கு இரண்டு முறை சாயம் பூசியாகிவிட்டது. ஒரு காலை மாற்றியாகிவிட்டது. அதன் அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. சிறுத்துப்போன காலணிகளை மூத்த குழுவினர் இன்றும் அதில் கொண்டுவந்து போடுகிறார்கள். அந்த வழக்கம் எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

சென்ற வாரம் நான் போயிருந்தபோது, புதிதாக வந்த மாணவன் ஒருவன் அந்தப் பெட்டிக்கு முன் குந்தியிருந்தான். ஒவ்வொரு காலணியாக எடுத்துத் தன் காலோடு வைத்து அளந்துகொண்டிருந்தான். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை போலும். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை தம்பி" என்றேன். "நுனியில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்."